லீடரைப் பார்த்ததும் கை ஏன் மேல் பொத்தானுக்குப் போகிறது?

கேள்வி: ஐயா, 1990-இல் ப்ளஸ் டூ முடித்த எங்கள் செட், 35 வருடம் கழித்து எங்கள் பள்ளியிலேயே கூடினோம். எங்களில் ஒருவன் இன்று பெரிய கான்ட்ராக்டர். நாலு ஜேசிபி ஓடுகிறது. பழைய கிளாஸ் லீடர் உள்ளே நுழைந்ததும் அவன் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. லீடர் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ராஜ்தூத்தில் வந்து இறங்கிய எங்கள் 'ஹீரோ'வை யாருக்கும் அடையாளமே தெரியவில்லை. நானும் யோக்கியன் இல்லை. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்தும், என்னைப் பற்றிப் பேச எழுந்தபோது "ரெண்டு மார்க்ல மெடிக்கல் போச்சு" என்றுதான் ஆரம்பித்தேன். வாழ்க்கையில் அந்த மூன்று நாலு வருடத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பிடி? ப்ளஸ் டூ மார்க்தான் ஒருவன் தலையெழுத்து என்பது நிஜமா? மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அதனால் கேட்கிறேன். இன்னொன்று: "நீ டாக்டருக்குப் படிக்கலாம்டா" என்று என்னிடம் முதலில் சொன்ன கெமிஸ்ட்ரி சாருக்கு என்னைச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அது எப்படி?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: ஒரு கேள்வி என்று எழுதிவிட்டு நான்கைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பரவாயில்லை. அந்தப் பொத்தானுக்காக இன்னும் நாலு கேட்டிருந்தாலும் பதில் எழுதியிருப்பேன்.

முதலில் பிடியைப் பற்றி. பள்ளி நாட்கள் மறக்காததற்கு எல்லோரும் சொல்லும் காரணம், "அது கவலையில்லாத காலம்" என்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு, ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து வாங்க நின்ற நேரம், எல்லார் முன்னாலும் விழுந்த பிரம்படி, இதெல்லாம் எந்தக் கணக்கில் கவலையில்லாத காலம்? பேரன் எடுத்தவர்களுக்குக்கூடப் படிக்காமல் பரீட்சை ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி கனவு வருகிறது. இனிப்பாக இருந்ததால் நிற்கவில்லை. கசந்ததும் சேர்ந்தேதான் நிற்கிறது.

உளவியலில் இதை 'நினைவு மேடு' என்று சொல்லலாம். நாற்பதைத் தாண்டியவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, 'மழை' என்றோ 'சைக்கிள்' என்றோ, அதை ஒட்டி மனதில் வரும் சொந்த நினைவைச் சொல்லச் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொரு நினைவும் எந்த வயதில் நடந்தது என்று குறிக்கிறார்கள். அண்மைக் காலத்து நினைவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரையிலான பகுதி மட்டும் மேடு தட்டி நிற்கும். டேவிட் ரூபின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகு பலரும் பலவிதமாகச் செய்து பார்த்தும் மேடு போகவில்லை.

காரணங்களில் ஒன்று, அந்த வயதில் எல்லாமே முதல் தடவை என்பது. முதல் தடவையாகத் தனியாக பஸ் ஏறியது, முதல் சம்பளம், முதல் துரோகம். நூறாவது தடவை பஸ் ஏறியதை மூளை எங்கே போய் எழுதி வைக்கும்? இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல சான்று உண்டு. வளர்ந்த பிறகு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களை ரூபினும் ராபர்ட் ஷ்ராஃப் என்பவரும் 1998-இல் ஆராய்ந்தார்கள். முப்பதுகளில் நாடு மாறியவர்களின் மேடு, அவர்கள் நாடு மாறிய வயதை ஒட்டித் தள்ளிப் போயிருந்தது. முப்பத்தைந்து வயதில் துபாய் போன உங்கள் நண்பர் யாராவது அங்கே இறங்கிய முதல் மாதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது இரண்டாவது ப்ளஸ் டூ. (எங்கள் காலத்துப் பாட்டு மாதிரி இப்போது எவன் போடுகிறான் என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்வதிலும் இந்த மேட்டுக்குப் பங்கு உண்டு. இளையராஜா ரசிகர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். நானும் அந்தக் கட்சிதான்.)

சரி, நினைவு நிற்பது வேறு, கை பொத்தானுக்குப் போவது வேறு. பொத்தானுக்கு வருவோம்.

பதின்ம வயதில் மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சந்தோஷத்தையும் பரிசையும் உணரும் உட்பகுதி அந்த வயதிலேயே முழு முடுக்கில் இருக்கிறது. முன்நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, 'பொறு, யோசி' என்று கடிவாளம் போடும் பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. அந்த வயதுக்குப் பெரிய பரிசு எது தெரியுமா? சேக்காளிகள் பார்ப்பதுதான். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பர்க் என்ற இருவர் 306 பேரைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு கூட்டம், 18 முதல் 22 வரை ஒன்று, 24-க்கு மேல் ஒன்று. தனியாக விளையாடியபோது மூன்று கூட்டமும் எடுத்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இரண்டு சிநேகிதர்களை உட்கார வைத்ததும் சின்னவர்கள் தாறுமாறாக ஓட்டினார்கள்; பெரியவர்கள் அப்படியே இருந்தார்கள். பதினைந்து வயதுக்காரனுக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. யாராவது பார்க்கிறார்கள் என்றால் அவன் உலகமே வேறு.

அப்படிப் பார்க்கப்படுவதே சாப்பாடாக இருக்கிற வயதில், ஐம்பது பேர் ஒரே அறையில் அடைந்து, யாருக்கு யார் மேலே என்று நாள்தோறும் ஒரு வரிசை போடுகிறார்கள். உங்கள் கான்ட்ராக்டர் நண்பர் அந்த வரிசையில் எங்கே நின்றார் என்பது அவருடைய மூளைக்கு நினைவிருக்கிறது. நாலு ஜேசிபி வாங்கிய செய்தி அந்தப் பகுதிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தச் சங்கதியில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி உயரத்தைப் பற்றியது. உயரமானவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைக்கிறது என்பது பழைய செய்தி. நெட்டையாக இருப்பவரைப் பார்த்தால் முதலாளிக்கு ஒரு மரியாதை வருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்சிகோ, போஸ்ட்ல்வெய்ட், சில்வர்மன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2004-இல் அதைத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆவணம் ஒன்று உண்டு. அதே ஆட்களின் உயரம் 7, 11, 16, 33 வயதுகளில் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்த வெள்ளையின ஆண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், 33 வயதுச் சம்பளத்தோடு ஒட்டிப் போனது 16 வயதில் இருந்த உயரம்! பள்ளியில் குட்டையாக இருந்து பிறகு நெடுநெடுவென்று வளர்ந்தவருக்குக் குட்டையானவரின் சம்பளம்தான். ஆளைப் பார்த்து முதலாளி மயங்குவதாக இருந்தால் இன்றைய உயரமல்லவா எண்ணப்பட வேண்டும்?

அவர்கள் சொன்ன விளக்கம் இது: பதினாறு வயதில் உயரமாக இருந்தவன் விளையாட்டிலும் மன்றங்களிலும் துணிந்து சேர்ந்தான், நாலு பேரோடு பேசப் பழகினான், அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. நியாயத்துக்கு மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் என்ற வேறு இருவர், உயரம் குழந்தைப் பருவச் சத்துணவுக்கும் நலத்துக்கும் அடையாளம், மூளை வளர்ச்சியும் அதோடு சேர்ந்துதான் வருகிறது, சம்பளத்தின் ரகசியம் அங்கேதான் என்று வாதாடினார்கள். சண்டை முடியவில்லை. எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகப் படுகிறது. நம் ஊரில் காலைப் பிரேயருக்கு உயர வரிசையில் நிறுத்துவார்களே, அதில் ஆறு வருடம் முதல் ஆளாக நின்றவன் நான். இன்றைக்கும் கூட்டத்தில் போட்டோ எடுத்தால் யாரும் சொல்லாமலே முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

இனி மார்க். "ப்ளஸ் டூ மார்க்தான் தலையெழுத்து" என்பது நம் நாட்டின் செல்ல மூடநம்பிக்கை. மூடநம்பிக்கைகளுக்கே உரிய வழக்கப்படி அதற்குள்ளும் ஒரு துளி நிஜம் இருக்கிறது. துளி எது என்று முதலில் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் என்று கேட்கிறார்களே, அங்கே சில கதவுகள் உண்மையாகவே மூடுகின்றன. காமர்ஸ் எடுத்த பிள்ளை நேராக மருத்துவத்துக்குப் போக முடியாது. கட்-ஆஃப் என்கிற கோடும் கற்பனை இல்லை. உங்களுக்கு ஒரு கல்லூரி இடம் அதனால்தான் போயிற்று.

ஆனால் அந்தக் கோட்டையே பாருங்கள். நீங்கள் எழுதியபோது ப்ளஸ் டூ மார்க்கோடு நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2007-இல் நுழைவுத் தேர்வு போயிற்று. 2017-இல் நீட் வந்தது. எந்த அளவுகோலில் நீங்கள் இரண்டு மார்க் குறைந்தீர்களோ, அந்த அளவுகோலே இப்போது கிடையாது. இருந்தும் உங்களுக்குள் அது இருக்கிறது.

மார்க்குக்கும் வாழ்க்கைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நீண்ட சாட்சி உண்டு. 1957-இல் அங்கே உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தம் 10,317 பேர், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கும் மேல் தொடரப்பட்டார்கள். பள்ளியின் கடைசி வருடத்தில் அவர்களிடம் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை: மேலே படிக்கப்போகிறாயா, பெற்றோர் ஊக்கப்படுத்துகிறார்களா, ஆசிரியர்கள் சொன்னார்களா, உன் சிநேகிதர்கள் என்ன செய்யப்போகிறார்கள். வில்லியம் சூவெல் என்ற சமூகவியலாளரும் சகாக்களும் 1969 முதல் எழுதிய கட்டுரைகளில் இந்தப் பதில்களைப் பிற்கால வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தார்கள். மார்க்கும் குடும்ப வசதியும் வேலை செய்கின்றன, ஆனால் பெரும்பாலும் நேராகச் செய்வதில்லை. மார்க்கைப் பார்த்த ஒரு ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்கிறார். அப்பா ஒரு வார்த்தை சொல்கிறார். பக்கத்து பெஞ்சுக்காரன் காலேஜ் விண்ணப்பம் வாங்கி வருகிறான். இந்த வார்த்தைகளிலிருந்து பிள்ளை தனக்கு ஒரு உயரத்தைக் குறித்துக்கொள்கிறான். அந்தக் குறிதான் அவனை இழுத்துக்கொண்டு போகிறது. படிப்பில் சமமாக இருந்தும் அந்தக் கால விஸ்கான்சின் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த வார்த்தை குறைவாகவே கிடைத்தது. அதற்கேற்பக் கல்லூரிக்குப் போனவர்களும் குறைந்தார்கள். மகளைப் பற்றிக் கேட்டீர்களே, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அக்கம்பக்கம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் இதற்குக் 'குட்டையில் பெரிய மீன்' என்று பெயர் வைத்தார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனைச் சாதாரணப் பள்ளியிலும் இன்னொருவனைக் கெட்டிக்காரர்கள் மட்டுமே படிக்கும் பள்ளியிலும் விட்டால், இரண்டாமவன்தான் தன்னை மட்டமாக நினைத்துக்கொள்கிறான். 26 நாடுகளின் மாணவர்களை வைத்து 2003-இல் அவரே மறுபடி பார்த்தார்; அப்போதும் பொதுவாக அப்படித்தான் இருந்தது. உங்கள் காலத்தில் ஊர்ப் பள்ளியில் ஆயிரத்துச் சொச்சம் மார்க் எடுத்தவன் ராஜா. அதே மார்க்கோடு நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் படித்தவன் வீட்டுக்கு போன் பண்ணவே பயந்திருப்பான். தமிழக அரசு 2017-இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியது எனக்குப் பிடித்த முடிவுகளில் ஒன்று. அதற்கு முன்பு மே மாதம் வந்தால் ஒரு பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் படம் பத்திரிகைகளில் வரும்; அந்தப் படத்தை மற்ற லட்சம் வீடுகளில் காலைக் காபியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் ராஜ்தூத் ஹீரோவைப் பற்றிச் சுருக்கமாக. ஜோசப் ஆலன் என்பவரின் குழு அமெரிக்காவில் 184 பேரை 13 வயது முதல் 23 வயது வரை கவனித்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. சீக்கிரமே பெரிய மனிதர் மாதிரி நடந்துகொண்டு வகுப்பில் கொடிகட்டிப் பறந்தவர்களின் செல்வாக்கு, மற்றவர்களும் வளர வளரக் கரைந்துவிட்டது. இருபதுகளில் குடி, உறவுச் சிக்கல் எல்லாம் அவர்களிடம்தான் அதிகம் தென்பட்டது. அவர்கள் கற்றது கவனத்தைக் கவர. சிநேகம் பிடிக்கக் கற்க நேரம் கிடைக்கவில்லை. உங்கள் நண்பர் அப்படித்தான் ஆனார் என்று நான் சொல்லவில்லை. வெறுமனே வழுக்கை விழுந்திருக்கலாம்.

அந்த இரண்டு மார்க்குக்கு வருகிறேன். இருபது மார்க்கில் போயிருந்தால் நீங்கள் அதை எப்போதோ மறந்திருப்பீர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை மூன்று உளவியலாளர்கள் வீடியோவில் ஆராய்ந்து 1995-இல் எழுதினார்கள். மூன்றாவதாக வந்தவர்கள், இரண்டாவதாக வந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். வெண்கலக்காரர் பதக்கமே இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறார். வெள்ளிக்காரர் கொஞ்சம் முயன்றிருந்தால் தங்கம் என்று நினைக்கிறார். நீங்கள் 35 வருடமாக வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் ஒரு சின்னப் பெருமையும் இருக்கிறது, ஒப்புக்கொள்ளுங்கள். "ரெண்டு மார்க்" என்று சொல்லும்போது, நான் டாக்டர் ஆகக்கூடிய ஆள் என்பதையும் சேர்த்தே சொல்கிறீர்கள்.

மகளுக்கு என்ன செய்யலாம்? எந்த குரூப் என்பதை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கதவு எந்த குரூப்பில் மூடும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம், வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் நீங்கள் அவளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று உங்களையே கவனியுங்கள். "கணக்கு அவளுக்குக் கொஞ்சம் வீக்" என்று பலகாரத் தட்டை நீட்டியபடி சொல்லும் அந்த அரை வாக்கியம் உள் அறையில் கேட்கும். உங்கள் இரண்டு மார்க் கதையும் கேட்கும். அவள் பயாலஜி எடுக்க விரும்பினால், யாருக்காக என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கெமிஸ்ட்ரி சார். அவர் உங்களை மறந்தது உங்கள் குற்றமும் இல்லை, அவர் குற்றமும் இல்லை. வருடத்துக்கு இருநூறு பிள்ளைகள் என்று வைத்தாலும் முப்பது வருட வேலையில் ஆறாயிரம் முகங்கள். "நீ டாக்டருக்குப் படிக்கலாம்டா" என்று அவர் சொன்னபோது உங்களுக்குப் பதினாறு பதினேழு வயது, மேட்டின் நடுவில் நின்று கேட்டீர்கள். அவருக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்கும். அன்றைக்கு அது மூன்றாவது பீரியட், அவ்வளவுதான். அவருடைய மேடு வேறு ஊரில், வேறு பள்ளியில் இருக்கிறது. அடுத்த முறை பார்க்கப் போகும்போது உங்களை நினைவுபடுத்த முயற்சி செய்யாதீர்கள். "சார், நீங்க படிக்கும்போது உங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுத்தது யாரு?" என்று கேளுங்கள். காபி ஆறிப்போகும், ஆறட்டும், அவர் முடிக்க நேரமாகும்.